செவலைக்கு நான் போட்ட தையல்கள்

என் தம்பிக்கு அந்த நாய் என்றால் உயிர் என்று ஊரில் இன்றைக்கும் சொல்கிறார்கள். போன கிழமைகூடச் சந்தையில் ஒருவர் என் முகத்துக்கு நேரே சொன்னார். மாட்டிறைச்சி வாங்கிக் கொடுத்தான், சவர்க்காரம் போட்டுக் குளிப்பாட்டினான், பிள்ளைபோல் வைத்திருந்தான், நீதான் எல்லாவற்றையும் குழப்பினாய் என்கிற மாதிரிப் பேசினார். கையிலிருந்த கத்தரிக்காயை அவர் மேல் எறியாமல் வீடு வந்து சேர்ந்தேன். அந்த அன்பை நான் கிட்ட இருந்து பார்த்தவள். அது கிழித்த இடங்களை ஊசியும் நூலும் வைத்துத் தைத்தவள்.

நான் ஆஸ்பத்திரி ஒன்றில் காயத்துக்கு மருந்து கட்டும் அறையில் வேலை செய்கிறேன். இருபது வருடமாக இதே வேலை. வீடு குருக்கள்மடத்தில், வாவிப் பக்கம். ஒரே வளவுக்குள் இரண்டு வீடுகள். ஒன்றில் நானும் கணவரும், மற்றதில் தம்பி குடும்பம். தம்பி கட்டாரில் ஏழு வருடம் இரும்பு ஒட்டிவிட்டு வந்து, பிரதான வீதியில் சொந்தமாக வெல்டிங் கடை போட்டவன். குடிப்பதில்லை. எங்கள் அப்பா படுக்கையில் கிடந்த எட்டு மாதமும் அவரைத் தூக்கிக் கழுவி எடுத்தவன் அவன்தான். இதைச் சொல்லாமல் விட்டால் அவனை வெறுப்பது எனக்குச் சுலபமாகிவிடும். அதனால் சொல்கிறேன்.

மூன்று வருடங்களுக்கு முன், கொழும்பிலிருந்து வந்த பஸ்ஸில், ஓட்டை போட்ட மட்டைப்பெட்டி ஒன்றுக்குள் அந்தக் குட்டி வந்தது. செம்மண் நிறம். நெஞ்சில் ஒரு வெள்ளைத் திட்டு. உடம்புக்குத் தலை பெரிது. தம்பி அதற்கு ஏதோ ஆங்கிலப் பெயர் வைத்தான். வளவில் வேறு யாருக்கும் அது வாயில் வரவில்லை. நாங்கள் செவலை என்று கூப்பிட்டோம். அதுவும் அதற்கே திரும்பிப் பார்த்தது.

பிட்புல் இனம் என்றான். எதற்கடா என்று கேட்டேன். கடையில் இரும்பு களவு போகிறது, காவலுக்கு என்றான். காவலுக்குச் செவலை உதவாது என்பது ஆறு மாதத்திலேயே தெரிந்துவிட்டது. மின்மானி பார்க்க வருகிறவரின் மடியில் ஏறப் பார்க்கும். மீன் கொண்டு வருகிறவரின் காலடியில் உருண்டு வயிற்றைக் காட்டும். நான் வேலை முடிந்து வந்து கதிரையில் உட்கார்ந்தால் அந்தப் பெரிய தலையைக் கொண்டுவந்து என் பாதத்தின் மேல் வைத்துக்கொண்டு தூங்கும். ஊசி போடும்போது மற்ற நாய்கள் குதறும். இது மிருக வைத்தியரின் கையை நக்கியது.

ஒன்றரை வயதில் ஒரு காலையில் படலை திறந்து கிடந்தது. தெருநாய் ஒன்று உள்ளே எட்டிப் பார்த்தது. செவலை குரைக்கவில்லை, உறுமவில்லை, பல்லைக் காட்டவில்லை. பேசாமல் எழும்பிப் போய் அதன் கன்னத்தைக் கவ்வியது. நானும் கணவரும் சேர்ந்து இழுத்தும் விடுவிக்க முடியவில்லை. நாங்கள் கையை வாய்க்குள் விட்டோம், ஆனால் எங்கள் விரலில் ஒரு கீறல்கூட விழவில்லை. தம்பி ஓடி வந்து பின்னங்கால்களைத் தூக்கிப் பிடித்து, வாய்க்குள் ஒரு கட்டையைச் செருகித் திருகினான். அவ்வளவு பழக்கமாகச் செய்தான். அன்றைக்கே நான் யோசித்திருக்க வேண்டும்.

மிருக வைத்தியரிடம் இதைச் சொன்னபோது அவர் விளக்கினார். சின்ன வயதுப் பெண், பொறுமையானவர்.

"அக்கா, இந்தச் சாதிய உண்டாக்கினவனுகள் சண்டை நடக்கக்குள்ள உள்ள இறங்கிக் கையால பிரிச்சு எடுக்கணும். அதால மனுசனக் கடிக்கிறத வச்சிருக்கல்ல, சாகடிச்சுப்போட்டானுகள். மனுசனுக்கு அடங்கி நடக்கணும், மற்ற நாயப் புடிச்சா விடப்படாது. அப்படிப்பட்டதாப் பார்த்துப் பார்த்துச் சேர்த்தவனுகள். உறுமுறதும் குறைஞ்சு போச்சு. உறுமினா மற்றது விலகிப் போயிருமெல்லுவா?"

"அப்ப எல்லாம் இப்படித்தானா டொக்டர்?"

"இல்ல. ஒரே ஈத்துக் குட்டியில ஒண்டு பூனையோட படுத்திருக்கும், ஒண்டு இப்படி இரிக்கும். ஆனா கவனமா வச்சிரிங்க. இந்த வெறி வந்தா பிறகு நிண்டு யோசிக்காது."

தம்பியும் கவனமாகத்தான் வைத்திருந்தான். வேப்ப மரக் கிளையில் மோட்டார் சைக்கிள் டயர் ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டான். செவலை அதைக் கவ்விக்கொண்டு கால் நிலத்தில் படாமல் அரை மணி நேரம் தொங்கும். கழுத்தில் தானே ஒட்டிய இரும்புச் சங்கிலியை மாட்டி நடக்கவிட்டான். அதிகாலையில் வாவிக்கரை வீதியால் மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் ஓடவிட்டான். சில பின்னேரங்களில் நான் அறியாத ஆட்கள் வந்து, மாடு பார்க்கிற மாதிரி அதன் வாயைத் திறந்து பார்த்துவிட்டுப் போனார்கள். எல்லாம் உடற்பயிற்சி என்று சொன்னான். நானும் நம்பினேன். நம்புவது வசதியாக இருந்தது.

முதல் தடவை காயத்தோடு கொண்டுவந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். ஆட்டோவின் பின் இருக்கையில் சாக்கின் மேல் கிடந்தது. முகம் வீங்கி ஒரு கண் மூடியிருந்தது. முன்னங்கால் இரண்டிலும், கழுத்திலும், காதடியிலும் காயம்.

"கரடியனாற்றுப் பக்கம் வயல் வட்டைக்குள்ள பண்டி கீறிப்போட்டுது அக்கா. கெதியா வா, தச்சு வுடு."

நான் டோர்ச் அடித்துப் பார்த்தேன். பன்றி கீறினால் கத்தியால் இழுத்த மாதிரி நீளமாக ஒரே வெட்டு இருக்கும். இது சோடி சோடியாக ஓட்டைகள். என் வேலையில் நாய்க்கடியைக் கண்டுபிடிக்க ஒருவரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"பண்டிக்கு இப்படிப் பல்லு இரிக்காடா?"

அவன் நாயின் தலையைத் தடவினான். பிறகு சிரித்தான். எனக்கு ஆத்திரம் வந்தது அந்தச் சிரிப்பில்தான்.

"இருபத்தெட்டு நிமிசம் நிண்டவன் அக்கா. மற்ற நாய் கத்திப்போட்டுது. இவன் ஒரு சத்தமில்ல. எல்லாரும் கைதட்டினவங்க."

நான் திட்டினேன். அம்மாவின் பெயரை இழுத்துத் திட்டினேன். திட்டிக்கொண்டே தைத்தேன். மரக்கப் பண்ணும் மருந்து, நூல், புண் கழுவும் மருந்து, அகலமான வெள்ளைப் பிளாஸ்டர் எல்லாம் அவன் ஏற்கெனவே ஃபார்மசியில் வாங்கி ஒரு பெட்டியில் வைத்திருந்தான். ஊசி ஏறும்போது செவலை என்னைப் பார்த்து வாலை ஆட்டியது. அப்படிப்பட்ட நாய்.

இரண்டாம் தடவையும் தைத்தேன். மூன்றாம் தடவையும் தைத்தேன். நாய் செத்துப்போகும், பாவம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், நான் தைக்காவிட்டால் அதை அடுத்த சண்டைக்குக் கொண்டுபோக முடியாது. மிருக வைத்தியரிடம் கொண்டுபோனால் கேள்வி வரும். கேள்வி கேட்காத வைத்தியராக அவனுக்கு வீட்டிலேயே நான் இருந்தேன். தம்பி மேல் எனக்குள்ள கோபத்தில் பாதி இந்த இடத்தில் என் மேல் திரும்பிவிடுகிறது.

எங்கள் வளவுக்கு முன்னால் ஒழுங்கைக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் இருக்கிறாள். வாவியில் இறால் பிடித்து வருகிறவர்களிடம் வாங்கித் தரம் பிரித்து விற்கிறவள். அவளுக்கு ஒரு வெள்ளைத் தெருநாய். அவள் வளர்த்தது என்று சொல்ல முடியாது. தானாக வந்து ஒட்டிக்கொண்டது. அவள் கரைக்குப் போனால் அதுவும் போகும். கழுத்தில் அவள் ஒரு நீல நாடா கட்டியிருந்தாள், நாய் பிடிக்கிறவர்கள் தெருநாய் என்று கொண்டுபோகாமல் இருக்க. ஒரு நாள் அதைக் காணவில்லை.

மூன்று நாள் தேடினாள். தேற்றாத்தீவு வரை சைக்கிளில் போய்த் தேடினாள். என்னிடமும் வந்து கேட்டாள்.

"என்ட நாய எங்கயாவது கண்டயா? ஒருவேள வாகனம் அடிச்சிருக்குமோ?"

காணவில்லை என்றேன். அப்போது அது உண்மை.

அடுத்த கிழமை தம்பி வீட்டு முற்றத்தில் அவனுடைய போனில் தம்பியின் மனைவி ஏதோ தேடிக்கொண்டிருந்தாள். திடீரென்று முகம் மாறி, போனை என் கையில் தந்தாள். வீடியோ ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. தம்பியின் வெல்டிங் கடையின் பின்பக்கம். செவலை சங்கிலியில் நின்றது. அதற்கு முன்னால் ஒரு வெள்ளை நாய், கழுத்தில் நீல நாடா. அதன் வாயைச் சுற்றி அகலமான வெள்ளைப் பிளாஸ்டர் நான்கு சுற்று. கடிக்கவும் முடியாது, கத்தவும் முடியாது. சங்கிலியைக் கழற்றிவிட்டார்கள். யாரோ கைதட்டினார்கள். என் தம்பியின் குரல் கேட்டது: "பழகட்டும், பழகட்டும்."

அது நான் செவலையின் கழுத்துக்கு ஒட்டிய பிளாஸ்டர். அந்தப் பெட்டியில் இருந்ததுதான்.

வீடியோ எட்டு நிமிடம். நான் முழுதும் பார்த்தேன். பார்க்காமல் விட எனக்கு உரிமை இல்லை என்று பட்டது.

பின்னேரம் தம்பி வந்ததும் அவனைப் படலையிலேயே மறித்தேன்.

"முன்வீட்டு நாய என்னடா செய்த நீ?"

"தெருநாய் அக்கா. ஆருட சொத்து?"

"அதுட வாயக் கட்டிப்போட்டு வுட்டிருக்காய். நீ ஆம்புளயாடா?"

"கத்தாத. இவனுக்கு அது பிறவிக்குணம். சண்டைக்கெண்டே பிறந்தவன். நாம வுடாட்டியும் ஆரையாவது கடிப்பான். நாம அவன்ட குணத்துக்கு ஒரு வழி காட்டுறம், அவ்வளவுதான்."

எனக்கு இன்றுவரை இந்தப் பேச்சுத்தான் தாங்க முடியாதது. செவலைக்குப் பிறவிக்குணம் இருந்தது உண்மை. எத்தனையோ தலைமுறை மனிதர்கள் உட்கார்ந்து, கவ்விய பிடியை விடாததைச் சேர்த்து, விட்டதைக் கொன்று உண்டாக்கிய குணம் அது. அந்தக் குணத்தை அறிந்துகொண்டே ஒருவன் சங்கிலியைக் கழற்றுகிறான் என்றால், அங்கே கடிப்பது நாயா? பிளாஸ்டரைச் சுற்றிய கை யாருடைய பிறவிக்குணம்? இதையெல்லாம் நான் அன்றைக்கு அழகாகச் சொல்லவில்லை. செருப்பைக் கழற்றி அவன் தோளில் அடித்தேன். நாற்பது வயது ஆளை. அவன் திருப்பி அடிக்கவில்லை. இனிமேல் கொண்டுபோக மாட்டேன் என்று அப்பாவின் படத்துக்கு முன்னால் சத்தியம் பண்ணினான்.

நான் பொலிசுக்கும் போனேன். மேசையில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார்.

"மிஸ், இஞ்ச மனுசர மனுசர் வெட்டின கேசே முடிக்க ஏலாமக் கிடக்கு. மிருகவதைச் சட்டம் வெள்ளக்காரன் காலத்துச் சட்டம். அந்த அபராதத்துக்கு ஒரு கொத்து ரொட்டி வாங்க ஏலா. தம்பியோட பேசித் தீர்த்துக்கொள்ளுங்க."

முன்வீட்டுக்காரியிடம் நான் சொல்லவில்லை. மூன்று கிழமை சொல்லவில்லை. காலையில் வேலைக்குப் போகும்போது அவள் படலையடியில் நின்று அந்த நாயைக் கூப்பிடுவது கேட்கும். நான் தலையைக் குனிந்துகொண்டு பஸ்ஸுக்குப் போவேன். தம்பியின் மானம், எங்கள் குடும்பத்தின் மானம் என்று என்னவோ.

மூன்றாம் ஞாயிறு, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின், தம்பியின் மனைவி சமையலறைக் கதவால் வந்தாள். அவளுக்கு மூச்சு வாங்கியது.

"மச்சாள், இண்டைக்கும் கொண்டு போயிட்டார். கரடியனாற்றுப் பக்கம் பழைய நெல் ஆலை இரிக்காம். எனக்கு ஏலா மச்சாள். நீங்க போங்க."

நானும் கணவரும் ஸ்கூட்டரில் ஏறினோம். மண்முனைப் பாலத்தைக் கடந்து மேற்கே வயல்களுக்குள்ளால் போனோம். கணவர் வழி நெடுக ஒன்றையே சொன்னார்: "போய் என்ன செய்யப் போறம்?" எனக்கும் தெரியாது.

ஆலையின் கூரை இல்லை. நெல் காயவைக்கும் சீமெந்துத் தளத்தில் தகரம் அடித்து ஒரு சதுரம். சுற்றி நாற்பது பேர் இருக்கும். வெயிலில் குடை பிடித்துக்கொண்டுகூட நின்றார்கள். எனக்குத் தெரிந்த முகங்கள் இருந்தன. வெட்டுக்காயத்துக்கு என்னிடம் மருந்து கட்டிய முகங்கள். கோயில் திருவிழாவில் முன்னுக்கு நிற்கிற ஒருவர், ஞாயிறு ஆராதனை முடிந்து வெள்ளைச் சேட்டோடு நேரே வந்த ஒருவர். என்னைக் கண்டதும் சிலர் போனை மறைத்தார்கள். ஒருவர் "பொம்புளயள் வாற இடமில்ல இது" என்றார். நான் அவரைத் தள்ளிக்கொண்டு தகரத்தடிக்குப் போனேன்.

சத்தம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போனேன். நாய்களிடம் சத்தமே இல்லை. மூச்சு மட்டும் கேட்டது. செவலை ஒரு கறுப்பு நாயின் தோளைக் கவ்விக்கொண்டு நின்றது. அதன் நெஞ்சின் வெள்ளைத் திட்டு தெரியவில்லை. கறுப்பு நாய் கீழே கிடந்தது. தம்பி உள்ளே குந்தியிருந்து, குழந்தைக்குச் சோறூட்டுகிற குரலில், "புடி மகன், புடி" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

நான் கத்தினேன். வேறு ஒன்றும் வாயில் வரவில்லை.

"செவலை!"

அது என் குரலுக்குப் பிடியை விட்டது. விடாது, நின்று யோசிக்காது என்று வைத்தியர் சொன்ன நாய், கறுப்பு நாயை விட்டுவிட்டுத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது. வால் ஆடியது.

அந்த நேரத்துக்குள் கறுப்பு நாய் எழும்பிச் செவலையின் முன்னங்காலைப் பிடித்தது. எலும்பு உடைகிற சத்தம் எனக்குக் கேட்டது.

தகரத்தைத் தாண்டி எப்படி உள்ளே போனேன் என்று ஞாபகமில்லை. கறுப்பு நாயின் சொந்தக்காரன் கட்டையைத் திருகி அதன் வாயைத் திறக்க எவ்வளவு நேரம் எடுத்தது என்பதும் தெரியாது. தம்பி எழும்பி நின்றான். என்னைப் பார்க்கவில்லை, சுற்றி நின்றவர்களைப் பார்த்தான். சண்டையில் முகத்தைத் திருப்பிய நாய் தோற்ற நாய். அது அவர்களுடைய சட்டம்.

"வெக்கம் கெடுத்திப்போட்டாய்" என்றான். யாரிடம் சொன்னான் என்று தெரியவில்லை, என்னிடமா நாயிடமா. பிறகு, "வுட்டுட்டுப் போ. இனி அது எனக்கு வேணாம். இஞ்சயே கிடக்கட்டும்" என்றான்.

பிள்ளைபோல் வளர்த்த நாய். கால் உடைந்து காலடியில் கிடந்தது. அவன் அதைச் சுற்றி நடந்து போனான். அப்பாவைத் தூக்கிக் கழுவிய அதே ஆள். இது எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. பிடிபட வேண்டும் என்கிற ஆசையும் போய்விட்டது.

நான் செவலையைத் தூக்கினேன். முப்பது கிலோ இருக்கும். நாற்பது ஆம்பிளைகள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். என் கணவர் மட்டும் வந்து பின்பக்கத்தைத் தாங்கிக்கொண்டார். வெளியில் நின்ற ஆட்டோக்காரர் ஒருவர் ஒன்றும் கேட்காமல் வண்டியைத் திருப்பினார். மிருக வைத்தியர் அன்று பின்னேரமே உடைந்த காலை வெட்டி எடுத்தார். வேறு வழியில்லை என்றார்.

மறுநாள் விடிந்ததும் முன்வீட்டுக்குப் போனேன். அவள் இறால் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பிளாஸ்டரையும் சொன்னேன். மூன்று கிழமை மறைத்ததையும் சொன்னேன். அவள் அழுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன்.

"எவ்வளவு நேரம்?" என்று கேட்டாள்.

"வீடியோவில எட்டு நிமிசம்."

கூடையைக் கவிழ்த்து வைத்தாள். கையைத் துடைத்தாள்.

"உனக்கு இப்பதான் வாய் வந்திரிக்கு" என்றாள். "நில்லு, சீலைய மாத்திப்போட்டு வாறன். பொலிசுக்குப் போவம்."

இந்தத் தடவை அவள்தான் பேசினாள். வதை என்ற சொல்லையே எடுக்கவில்லை. "என்ட நாயக் களவெடுத்திரிக்காங்க" என்றாள். நாடா கட்டியது, ஊசி போட்ட அட்டை இருப்பது, வீடியோவில் முகம் தெரிவது எல்லாவற்றையும் சொன்னாள். தம்பியின் மனைவி வீடியோவை எனக்கு அனுப்பியிருந்தாள். மேசையில் அதே ஆள்தான் இருந்தார். என் முகத்தைப் பார்த்தார், வீடியோவைப் பார்த்தார், முறைப்பாட்டுப் புத்தகத்தைத் திறந்தார். களவு என்றால் எழுதத்தான் வேண்டும்.

தம்பியும் இன்னும் மூன்று பேரும் நீதிமன்றம் ஏறினார்கள். குற்றத்தை ஒத்துக்கொண்டு அபராதத்தோடு வெளியே வந்தார்கள். ஆலைப் பக்கம் இப்போது ஒன்றும் நடப்பதில்லை என்கிறார்கள். வேறெங்கோ நடக்கும். சொந்தச் சகோதரனைக் கூண்டில் ஏற்றியவள் என்று உறவினர்கள் என் வீட்டுக்கு வருவதை நிறுத்தினார்கள். தம்பி வளவின் நடுவே இரும்புத் தகட்டால் வேலி அடித்தான். நல்ல வேலி, அவன் வேலை எப்போதும் சுத்தம். அவன் மனைவி அதைச் சுற்றி வந்து என்னோடு தேநீர் குடிக்கிறாள்.

செவலை மூன்று காலோடு என்னிடம் இருக்கிறது. அன்பால் அது மாறிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். மாறவில்லை. ஒழுங்கையில் நாய் போனால் உடம்பு விறைத்துவிடும், ஒரு சத்தமும் வராது. அதனால் இரட்டைப் படலை போட்டிருக்கிறேன். வெளியே போகும்போது வாய்க்கூடு மாட்டுகிறேன். மனிதர்களைக் கண்டால் இன்னும் உருண்டு வயிற்றைக் காட்டுகிறது. இவ்வளவு செய்த பிறகும் மனிதர்களை அதற்குப் பிடித்திருக்கிறது. எனக்குத்தான் பலரைப் பிடிக்கவில்லை.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு ஆள் மோட்டார் சைக்கிளில் வந்து படலையைத் தட்டினான். முப்பது வயது இருக்கும், நல்ல சேட்டு, சிரித்த முகம். ஆலையில் கண்ட முகமாகவும் இருந்தது.

"அக்கா, உங்கட நாய் கால் போனாலும் ரத்தம் நல்ல ரத்தம். என்னட்ட ஒரு பொட்டை இரிக்கு. ஒருக்காச் சேர்த்து வுட்டா, முதல் குட்டி உங்களுக்கு."

செவலை அவன் கையை நக்கிக்கொண்டிருந்தது.

"காலெடுத்த அண்டைக்கே விதையையும் எடுத்தாச்சு தம்பி" என்றேன். "அதே டொக்டர்தான், அதே மேசைதான். வேணுமெண்டா உன்னையும் கூட்டிப் போறன், ஏறு வண்டியில."

அவன் சிரிப்பு நின்றுவிட்டது. மோட்டார் சைக்கிளைத் திருப்பி ஒழுங்கை முனை வரை போய், அங்கே நின்று ஏதோ தூஷணத்தில் கத்தினான். நான் படலைக்குக் கொளுக்கி போட்டேன்.